கடுவன் வாயில் அடித்த வாடை

பூனைக்குச் சுகர் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் தெருவில் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் செலவைக் கேட்பார்கள். அந்தக் காசுக்கு ஆட்டுக்குட்டி வாங்கி விட்டிருக்கலாமே என்று யோசனை சொல்லாமல் ஒருவரும் நகர மாட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவள். திருத்தங்கலில் பெட்டி ஒட்டும் கம்பெனியில் பசை தடவுகிறேன். கோபத்தை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு யாருக்குச் சிரிப்பு வருகிறது என்று பார்ப்போம்.

அந்தப் பூனை அப்பாவுடையது. ஆண் பூனை, எங்கள் பக்கம் கடுவன் என்போம். அதற்கு வேறு பெயர் கிடையாது. அப்பா லோடுமேன். பட்டாசுப் பெட்டி, காலண்டர் கட்டு, எது வந்தாலும் லாரியில் ஏற்றுவார். ஓர் அச்சாபீஸ் குடோனில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். தூக்குச் சட்டியை அன்று கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பைக்குள்ளே அது உறங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சம்பளம். மற்ற லோடுமேன்கள் ஒயின்ஷாப்புக்குப் போவார்கள். அப்பாவும் அந்தப் பக்கம்தான் போவார், ஏனென்றால் ஒயின்ஷாப் சுவரை ஒட்டித்தான் மீன்காரம்மா உட்கார்ந்திருப்பாள். கடுவனுக்குச் சாளை மீன் வாங்குவார். விலை பேசுவார், தலைகளைக் கொசுறு கேட்பார், கூட வந்தவர்கள் வெளியே வரும்வரை நின்று கதை பேசுவார். அவர் அங்கே நிற்பதைத் தெருவே பார்த்திருக்கிறது. கையில் மீன் பை இருந்ததை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

அப்பாவுக்குச் சுகர் இருந்தது. வயிற்றில் போடும் ஊசியை நான்தான் போட்டுவிடுவேன். அம்மா ஊசியைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். போன வருஷம் அவருக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. வலி முதுகுக்குப் போகிறது என்றார். வாந்தி நிற்கவில்லை. சோறு இறங்காததால் ஊசி வேண்டாம், சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று அவரே நிறுத்தச் சொன்னார். கட்டிலில் சுருண்டு கிடந்தவரிடம் அம்மா குனிந்தாள். குனிந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்ப இருந்து இந்தப் பழக்கம்?"

"என்ன பழக்கம்?" என்றார் அப்பா.

"வாயில வாடை அடிக்குது. எனக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சீகளா?"

அப்பா என்னைப் பார்த்தார். நானும் மோந்து பார்த்தேன். வாடை அடித்தது உண்மை. அழுகின பழமும் அச்சாபீஸில் மெஷின் துடைக்கிற தின்னரும் கலந்த மாதிரி ஒரு வாடை. அவர் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். அப்படி ஓர் உறுப்பு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு டாக்டர் வந்து கேட்டார்:

"டெய்லி எவ்வளவு அடிப்ப?"

"குடிக்க மாட்டேன் சார்."

"லோடுமேன், குடிக்க மாட்ட. சரி."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். குடிப்பழக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் வந்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா வலியில் முனகினால், "குடிக்கும்போது இனிச்சுதுல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு நர்ஸ் போனார். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். தண்ணீர்கூட. "ஒரு மடக்குத் தா ஆத்தா, ஒரே ஒரு மடக்கு" என்று என்னிடம் அப்பா கெஞ்சினார். நான் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினேன். அவர் அந்தப் பஞ்சைச் சப்பினார். பசியோடும் தாகத்தோடும்தான் செத்துப்போனார்.

எழவு வீட்டில் எதிர்வீட்டுப் பெரியம்மா சத்தமாகச் சொன்னாள்: "குடிச்சே போயிட்டானே பாவி." அம்மா அதை மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அன்று பெரியம்மா மேல் வந்த கோபத்தைவிட அம்மா மேல் வந்த கோபம் அதிகம்.

அப்பா போனபிறகு கடுவன் பானை பானையாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். உடம்பு வற்றியது. பின்னங்காலைக் குதிகால்வரை தரையில் அப்பி, தவழ்கிற மாதிரி நடந்தான். உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் பரிசோதித்துச் சுகர் என்றார்கள். காலையும் மாலையும் ஊசி. சோறும் பாலும் கூடாது, மீனும் கறியும்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். பரணில் போட்டிருந்த அப்பாவின் சுகர் மெஷினை எடுத்துத் தூசி தட்டினேன். காது ஓரத்தில் ஊசியால் ஒரு பொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். கடுவன் அசையாமல் இருப்பான். அப்பாவுக்கு நான் ஊசி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவன்தானே.

பங்குனிப் பொங்கல் வந்தது. அம்மா அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்து காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டினால் வீட்டுக்குள் கவிச்சி வரக்கூடாது. மீன் மட்டும் இல்லை, முட்டைகூடக் கிடையாது. காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையும் தாண்டக்கூடாது. கடுவனுக்குத் தயிர்ச்சோறு வைத்தாள். அவன் மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான்.

"மீன் இல்லைன்னு கோவிச்சுக்கிட்டான்" என்றாள் அம்மா.

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று சிரித்தாள். "ஆத்தா பொங்கலுக்கு ஊரே விரதம். உங்க வீட்டு மைனருக்கு மட்டும் கறிவிருந்தோ? பசிச்சா தன்னால திங்கும், விடு."

தெருவில் எல்லாப் பூனையும் அந்த வாரம் இப்படித்தான் முறுக்கிக்கொண்டு திரியும். அதனால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இதுவே வேறு மாதமாக இருந்தால் முதல் வேளையே பயந்திருப்போம். விரதம் என்பதால் அவன் சாப்பிடாதது எங்களுக்கு நோயாகவே தெரியவில்லை. சாப்பிடாதவனுக்கு ஊசி போட்டால் சுகர் இறங்கிவிடுமே என்று ஊசியையும் நிறுத்தினோம்.

அப்புறம் வாந்தி எடுத்தான். மஞ்சள் மஞ்சளாக நுரை. முதுகைக் கூனிக்கொண்டு, வயிறு தரையில் படாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா அவனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏலே, என்னலே இது? நீயும் கடைக்குப் போயிட்டு வந்தியா? வாயி இந்த நாத்தம் நாறுது!"

"வளத்தவன் புத்தி" என்றாள் பெரியம்மா. இருவரும் சிரித்தார்கள். நான் அவனைப் பிடுங்கி மோந்து பார்த்தேன். அழுகின பழம். தின்னர்.

"அம்மா, அப்பா வாயில அடிச்ச அதே வாடை."

"ஆமா, ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல ஊத்திக் குடிச்சாக. போ புள்ள."

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் கேம்புக்குப் போயிருந்தார். உதவியாள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கணையமா இருக்கும். வயித்தைக் காயப்போடுங்க, தானாத் தணியும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அவன் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

"கணையம்னா பச்சைத் தண்ணி ஆகாது. உங்கப்பாவுக்கு அப்படித்தான போட்டாக."

"போட்டு என்ன ஆச்சு?"

அம்மா பாத்திரத்தை இன்னும் உள்ளே தள்ளிவைத்தாள். நான் வயர்கூடையில் துண்டை விரித்துக் கடுவனை வைத்துக் கட்டினேன். மதுரையில் பூனை நாய்க்கென்றே ஒரு கிளினிக் இருப்பதாகக் கம்பெனியில் ஒரு அக்கா சொல்லியிருந்தாள். அம்மா வாசல்வரை வந்தாள். காப்புக் கட்டிய கையை நிலைப்படியில் வைத்தபடி நின்றாள். "நான் எல்லை தாண்ட முடியாது புள்ள" என்றாள். "உன்னை யாரு கூப்பிட்டா?" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ்ஸில் கண்டக்டர் கூடையைக் காட்டி, "என்னம்மா, கோழியா?" என்றார்.

"பூனை."

"நல்லவேளை உள்ள ஏறுச்சு. குறுக்கால போயிருந்தா டிரைவர் வண்டியை எடுத்திருக்க மாட்டாரு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வேறொரு நாளாக இருந்தால். கூடைக்குள் கையை விட்டு அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அப்பாவின் கையிலிருந்து உயிரோடு என்னிடம் வந்தது அவன் ஒருத்தன்தான். அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று மட்டும்தான் யோசித்தேன்.

கிளினிக்கில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். கடுவனை மேஜையில் வைத்ததும் அவனைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப வலி இருக்கு இவனுக்கு" என்றார். "பூனை கத்திக் காட்டாது. இப்படிக் கூனிக்கிட்டு உக்காந்துக்கும். முதல்ல வலிக்கு ஊசி போட்டுடுறேன். அப்புறம் மத்ததைப் பார்ப்போம்."

நான் முட்டாள் மாதிரி கேட்டேன்: "வலிக்கு ஊசி போடலாமா டாக்டர்?"

"ஏன், போடக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். கடுவன் கத்தவே இல்லை, அவனுக்கு வலிக்கிறது என்று ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பா வாய்விட்டுக் கத்தினார்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். கணையம்தான் வீங்கியிருக்கிறது. இன்சுலின் சுரப்பதே அந்த உறுப்புதான் என்பதால் சுகர் உள்ள பூனைகளுக்கு இது அடிக்கடி கூடவே வரும். எது முந்தி, எது பிந்தி என்று பிரிக்க முடியாது. சாப்பாடும் போகாமல் ஊசியும் போடாமல் இருந்ததால் உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு விஷம் சேரும்.

"வாயில ஒரு மாதிரி பழ வாடை அடிக்குது பாருங்க. அது அதனாலதான். எல்லா மூக்குக்கும் இது தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"மனுசங்களுக்கும் அடிக்குமா?"

"அடிக்கும். சுகர் முத்தினவங்க வாயில அடிக்கும். நிறையப் பேர் குடிச்சிருக்காங்கன்னு தப்பா நினைச்சுடுவாங்க."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், இந்த நோய் வரணும்னா குடிக்கணும்னு இல்லையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "மனுஷங்களுக்குக் குடி ஒரு காரணம். பித்தப்பைக் கல் இருந்தாலும் வரும், வேற எதனாலயும் வரலாம். நான் மனுஷ டாக்டர் இல்லம்மா. பூனைக்கு ஏன் வருதுன்னு கேட்டீங்கன்னா, பெரும்பாலும் தெரியலைங்கிறதுதான் பதில்."

தெரியலை. அந்த ஒரு வார்த்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். தெரியலை என்று சொல்ல என்ன செலவாகிவிடும்? பூனைக்கு ஒரு டாக்டர் தெரியலை என்று சொல்கிறார். என் அப்பா விஷயத்தில் எல்லோருக்கும் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அத்தனை டாக்டர்களும் நர்சுகளும் அவர் மேல் குனிந்தார்கள். அந்த வாடைக்குக் காரணம் படித்தவர்கள் அவர்கள். அவர் லோடுமேன் என்பதையும் சிவகாசிப் பக்கத்துக்காரர் என்பதையும் மட்டும் மோந்துவிட்டு நிமிர்ந்துவிட்டார்கள்.

"பட்டினி போடணுமா டாக்டர்?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். பூனை சாப்பிடாம கிடந்தா ஈரல்ல கொழுப்பு ஏறிடும், அப்புறம் அதுவே ஆளைக் கொண்டுபோயிடும். வாந்திக்கு மருந்து குடுத்துட்டு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வயித்துக்குச் சாப்பாடு போகணும். இன்சுலினையும் நிறுத்தக் கூடாது. எவ்வளவு போடணும்னு பார்த்துப் பார்த்துப் போடணும். அவன் சாப்பிடலைன்னா நீங்களா முடிவு பண்ணாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க."

முன்னங்காலில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூக்கு வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை விட்டு, கரைத்த சாப்பாட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். வாடை விஷயத்தையும் சொன்னேன். கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது."

"குடிச்சவக வாயின்னு தப்பா நெனப்பாகளாம்."

அம்மா கேட்டாள்: "பூனை சாப்பிட்டுச்சா?"

"குழாய்ல போகுது."

"அவுகளுக்கு ஒரு மடக்குத் தண்ணி குடுக்கலையே புள்ள" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கடுவன் தேறினான். குழாயை எடுத்து, ஊசி அளவை மாற்றிக்கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, கறியோ மீனோ கொடுக்க வேண்டும். ஒரு வேளைகூட விடக்கூடாது. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மீன்காரம்மா இடத்துக்குத்தான் போனேன். அவள் உட்காரும் சாக்கு மடித்துக் கிடந்தது. அவளும் காப்புக் கட்டியிருப்பாள். ஒட்டியிருந்த ஒயின்ஷாப்பில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கழுத்தில் மாலை போட்டிருந்த ஒருத்தர், மாலையைக் கழற்றி பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். மீன் தீட்டு, இது தீட்டில்லை. அந்தச் சுவரடியில் நின்ற பாவத்துக்கு என் அப்பாவுக்கு அந்தப் பேர். நான் காறித் துப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப்போய் பிராய்லர் கடையில் கோழி வாங்கினேன்.

வீட்டு வாசலில் அம்மா மஞ்சள் சேலையில் நின்றாள். என் கையில் கறுப்புப் பை. பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"வீட்டுக்குள்ள கொண்டாராத" என்றாள். "சந்துல செங்கல்லு வச்சிருக்கேன், விறகு கிடக்குது. பழைய ஈயச் சட்டியும் இருக்கு. நான் தொட மாட்டேன், நீ வேக வை."

கடுவனைக் கூடையோடு இறக்கிவைத்துவிட்டு அடுப்பை மூட்டினேன். கோழி கொதித்ததும் வாடை தெருவுக்குப் போனது. எதிர்பார்த்தபடியே எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தாள்.

"ஏத்தா, என்ன அக்கிரமம் இது? சட்டி எடுக்கப்போற வீட்டு வாசல்ல கோழி வேகுது! ஆத்தா கண்ணைக் குத்திருவா!"

அம்மா சந்தின் வாயில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பெரியம்மாவால் அவளைத் தாண்ட முடியவில்லை.

"குத்தட்டும் அக்கா. என் கண்ணைத்தான குத்துவா. குத்திக்கிடட்டும்."

"ஒரு பூனைக்காகவா?"

"பட்டினி போட்டு ஒரு ஆளைக் கொன்னாச்சு. இன்னொண்ணுக்கு நான் மாட்டேன்."

"கொன்னது யாரு? குடிச்சுக் கெட்டான், அதுக்கு…"

"அவுக குடிக்கலை."

அம்மா கத்தவில்லை. பெரியம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அவுக குடிச்சதே இல்லை. சாகுற அன்னைக்கு வரைக்கும் இல்லை. வாடைன்னு முதல்ல சொன்னவ நான். அதை நம்பி நீங்களும் எழவு வீட்டுல சொன்னீக. இனிமே இந்தத் தெருவுல எவளாவது அவுகளைக் குடிகாரன்னு சொன்னா, ஆத்தா வர்றதுக்கு முந்தி நான் வந்துருவேன் அக்கா. போங்க."

பெரியம்மா போனாள். போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனாள், அவள் அப்படித்தான். நான் கோழியைப் பிய்த்து ஆறவைத்து விரலில் எடுத்து நீட்டினேன். கடுவன் மோந்து பார்த்தான். தலையைத் திருப்பினான். அம்மா தள்ளி நின்றபடி, அப்பா கூப்பிடுகிற மாதிரியே, "என்னலே, கொசுறு வேணுமா?" என்றாள். அவன் காதைத் தூக்கினான். திரும்பி என் விரலை நக்கினான். அப்புறம் சாப்பிட்டான். இரண்டு துணுக்குதான். அந்த இரண்டு துணுக்குக்கு நான் சந்தில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன்.

அம்மா சட்டி எடுத்தாள். ஆத்தா கண்ணைக் குத்தவில்லை.

கடுவன் இப்போது இருக்கிறான். ஊசி நடக்கிறது. இந்த வீக்கம் திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் திரும்பவும் மதுரைக்குப் போவேன். பூனைக்கு இம்புட்டா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூனைக்குச் செய்தது அதிகமில்லை. வலிக்கிறதா என்று பார்த்தார்கள், பசியோடு விடவில்லை, தெரியாததைத் தெரியாது என்றார்கள். என் அப்பாவுக்கு இது கிடைக்கவில்லை. அதற்கு நான் யாரிடம் போய்க் கேட்பது? அன்று சிரித்தவர்களுக்கு அவர் முகம்கூட ஞாபகம் இருக்காது.

காலையில் நான் மெஷினை எடுத்து உட்கார்ந்ததும் அம்மா வேலையைப் போட்டுவிட்டு வருவாள். கடுவனின் தாடையைப் பிடித்து, வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக் கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். அவன் மீசையைச் சிலுப்புவான். விட மாட்டாள்.

"இன்னைக்கு வாடை இல்லை" என்பாள். அப்புறம்தான் அடுப்படிக்குப் போவாள்.